ரோலர் கோஸ்டர்ல எத்தன பேர் ஏறினாங்க, எத்தன மைல் ஓடுச்சு? நாமளே கணக்கு போடுறதுக்கு முழு வழிகாட்டி

பெரிய தீம் பார்க் எதுவா இருந்தாலும் அவங்க ஃபேமஸ் கோஸ்டருக்கு 25 வருஷம், 40 வருஷம்னு ஏதாவது வந்துட்டா உடனே ஒரு நம்பர் விடுவாங்க. இத்தன கோடி பேர் ஏறிட்டாங்க, இத்தன லட்சம் மைல் ஓடிடுச்சு, நிலாவுக்கு இத்தன தடவ போய்ட்டு வந்த தூரம்னு. படிக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்த நம்பர் எப்படி வந்துச்சுனு யாரும் சொல்ல மாட்டாங்க. ஒரு கால்குலேட்டரும் பத்து நிமிஷமும் இருந்தா நாமளே போட்டுப் பாத்துக்கலாம். அப்படி போட்டுப் பாத்தா எந்த பார்க் நம்பர் நியாயமா இருக்கு, எது வெறும் போஸ்டருக்காக எழுதினதுனு ஓரளவு புரிஞ்சிடும்.

உதாரணத்துக்கு அமெரிக்கால ஒஹாயோ மாநிலத்துல சாண்டஸ்கிங்கிற ஊர்ல, ஈரி ஏரி ஓரமா இருக்க சீடர் பாயின்ட் பார்க்க எடுத்துக்குறேன். அங்க 2000 மே மாசம் திறந்த மில்லினியம் ஃபோர்ஸ்தான் நம்ம மெயின் ஆளு. 310 அடி உயரம், மணிக்கு 93 மைல் வேகம், திறந்தப்ப, முழு சுத்து சுத்தி வர்ற கோஸ்டர்கள்ல உலகத்துலயே உயரமானது அதான் (அந்த பெருமை ரெண்டு மூணு மாசம்தான் நின்னுச்சு, ஆகஸ்ட்லயே ஜப்பான்ல ஸ்டீல் டிராகன் 2000 வந்து தட்டிட்டு போயிடுச்சு, அது வேற கதை).

ஸ்டெப் 1: எந்த மைல்னு மொதல்ல முடிவு பண்ணுங்க

இதுலதான் முக்காவாசி பேர் குழம்புறாங்க. மைல்னு சொன்னா மூணு விதமா எடுத்துக்கலாம். ஒண்ணு, ஒரு ட்ரெயின் தனியா எவ்ளோ ஓடுச்சுங்கிறது. ரெண்டாவது, அந்த கோஸ்டர்ல இருக்க எல்லா ட்ரெயினும் சேந்து எவ்ளோ ஓடுச்சுங்கிறது. மூணாவது, ஏறின ஒவ்வொரு ஆளும் போன தூரத்த மொத்தமா கூட்டுறது, அதாவது 36 பேர் ஒரு மைல் போனா அது 36 மைல். பார்க்காரங்களுக்கு மூணாவதுதான் ரொம்ப புடிக்கும், ஏன்னா நம்பர் பெருசா வரும்ல. மூணும் தப்பில்ல, ஆனா ஒண்ணோட ஒண்ணு கலந்துட்டா கணக்கு 36 மடங்கு, 100 மடங்குனு எகிறிடும். அதனால பேப்பர்ல மூணு கட்டம் போட்டு தனித்தனியா எழுதுங்க: ஒரு ட்ரெயின் மைல், மொத்த ட்ரெயின் மைல், ஆள் மைல்.

ஸ்டெப் 2: அஞ்சு நம்பர் எடுத்து வைங்க

ட்ராக் நீளம், ஒரு ட்ரெயின்ல எத்தன சீட், எத்தன ட்ரெயின், ஒரு ரவுண்டுக்கு எவ்ளோ நேரம், மணிக்கு எத்தன பேர்னு அவங்க சொல்ற கெபாசிட்டி. மில்லினியம் ஃபோர்ஸுக்கு இது 6,595 அடி, 36 சீட், 3 ட்ரெயின், 2 நிமிஷம் 20 செகண்ட், மணிக்கு 1,300 பேர்.

அடிய மைலாக்க 5,280ஆல வகுங்க. 6,595ஐ வகுத்தா 1.249 மைல், அதாவது சுமாரா ஒண்ணேகால் மைல், நம்ம கணக்குல 2 கிலோமீட்டர். ஒரு சின்ன சைடு விஷயம்: இந்த ஒண்ணேகால் மைல 140 செகண்ட்ல போகுதுன்னா சராசரி வேகம் மணிக்கு 32 மைல்தான். 93னு போர்டு போட்டிருக்கே அது மொத எறக்கத்தோட அடில வர்ற உச்ச வேகம் மட்டும். நீளத்த கண்டுபிடிக்கிறேன்னு உச்ச வேகத்த நேரத்தோட பெருக்கிடாதீங்க, மூணு மடங்கு தப்பு வரும்.

ஸ்டெப் 3: கெபாசிட்டிய டிஸ்பாட்ச்சா மாத்துங்க

மணிக்கு 1,300 பேர்ங்கிறத அப்படியே நம்பாம 36ஆல வகுங்க. 36 சொச்சம் வரும். அதாவது மணிக்கு 36 ட்ரெயின் கிளம்பணும், 3,600 செகண்ட வகுத்தா 100 செகண்டுக்கு ஒரு தடவ. ஒரு ட்ரெயின் கிளம்புறதுதான் டிஸ்பாட்ச், இந்த நூறு செகண்டத்தான் கோஸ்டர் பைத்தியங்க டிஸ்பாட்ச் இன்டர்வெல்னு சொல்வாங்க. ஒரு கோஸ்டரோட தலையெழுத்தே இதுல இருக்கு.

இப்ப இத கொஞ்சம் உடைச்சுப் பாருங்க. 3 ட்ரெயின், 100 செகண்டுக்கு ஒண்ணுன்னா ஒரே ட்ரெயின் மறுபடி கிளம்ப 300 செகண்ட் ஆகும். அதுல ஓடுற நேரம் 140. மிச்சம் 160 செகண்ட் ஸ்டேஷன்லயும் அதுக்கு முன்னாடி பிரேக்லயும் போகுது. உலகத்துல பேர் வாங்கின ஒரு ராட்சச கோஸ்டர், எல்லாமே ஒழுங்கா நடக்குற நல்ல நாள்லயே, பாதிக்கு மேல நேரம் நின்னுக்கிட்டுதான் இருக்கு! அப்ப அதிகம் பேர ஏத்தணும்னா வேகத்த கூட்டி பிரயோஜனம் இல்ல, ஸ்டேஷன்ல நேரத்த மிச்சம் பண்ணணும். மில்லினியம் ஃபோர்ஸ்ல எறங்குறதுக்கு ஒரு இடம், ஏறுறதுக்கு ஒரு இடம்னு தனித்தனியா கட்டினது இதுக்காகத்தான்.

நாலாவதா இன்னொரு ட்ரெயின் விட்டா என்னனு கேப்பீங்க. முடியாது. ட்ராக்க பிளாக் பிளாக்கா பிரிச்சிருப்பாங்க, ஒரு பிளாக்ல ஒரு ட்ரெயின்தான் இருக்கலாம், முன்னாடி பிளாக் காலி ஆனாத்தான் பின்னாடி உள்ளத கம்ப்யூட்டர் விடும். லிஃப்ட், பிரேக், ஸ்டேஷன்னு ட்ரெயின நிறுத்தி வைக்கக்கூடிய இடம் எத்தன இருக்கோ அதுக்கு ஒண்ணு கம்மியாத்தான் ட்ரெயின் ஓட்ட முடியும்.

இதுக்கு நேர் எதிர் டைப் ஃபுளோரிடால டிஸ்னி பார்க்ல 1975ல இருந்து ஓடுற ஸ்பேஸ் மவுண்டன். அங்க ஒரு ராக்கெட்ல (ட்ரெயினுக்கு அங்க அதான் பேரு) வெறும் 6 பேர்தான், ஆனா ரெண்டு ட்ராக், நெறைய பிளாக், அதனால ராக்கெட் சட்டு சட்டுனு கிளம்பிட்டே இருக்கும். சீட் எண்ணிக்கைய மட்டும் பாத்து இது சின்ன கோஸ்டர்னு முடிவு பண்ணா மாட்டிக்குவீங்க.

ஸ்டெப் 4: ஸ்டேஷன்ல நின்னு வேடிக்கை பாருங்க

பேப்பர் நம்பருக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமும் இங்கதான் ஒளிஞ்சிருக்கு, அதனால இத கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ட்ரெயின் வந்து நிக்குது, கேட் திறக்குது, ஏறுறாங்க. ஒருத்தர் பையில இருந்த செல்போன எங்க வைக்கிறதுனு தெரியாம சுத்திப் பாக்குறாரு, ஒரு பொண்ணு செருப்ப கழட்டி எதிர் பக்கம் வச்சிட்டு ஓடி வருது. மில்லினியம் ஃபோர்ஸ்ல லேப் பார் (மடிமேல எறக்குற கம்பி) தவிர சீட் பெல்ட்டும் இருக்கு, மொதல்ல பெல்ட்ட மாட்டணும், அப்புறம் பார எறக்கணும், நெறைய பேர் பார மொதல்ல எறக்கிட்டு பெல்ட்ட தேடுவாங்க, உடனே பார மறுபடி திறக்கணும். கொஞ்சம் பெரிய உடம்பா இருந்தா பெல்ட் எட்டாது, ஊழியர் வந்து ஒரு தடவ இழுத்துப் பாப்பாரு, இல்லன்னா அவங்கள எறக்கி விடணும், அவங்க கூட வந்தவங்களும் எறங்குவாங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் ஆளுங்க ஒவ்வொரு பாரையும் கையால அமுக்கிப் பாத்துட்டு கட்டை விரல தூக்கிக் காட்டணும், எல்லா விரலும் தூக்கினப்புறம்தான் கண்ட்ரோல்ல இருக்கவர் பட்டன அமுக்குவாரு. இதுல எங்கயாவது ஒரு 20 செகண்ட் போச்சுன்னா 100 செகண்ட் 120 ஆகும், மணிக்கு 36 ட்ரெயின் 30 ஆகும், 1,300 பேர் 1,080 ஆகும். பின்னாடி வர்ற ட்ரெயின் பிரேக்ல வந்து நின்னுக்கும், ஸ்டேக்கிங்னு சொல்றது இதத்தான், உள்ள உக்காந்திருக்கவங்க வெயில்ல காஞ்சுகிட்டு இருப்பாங்க.

காலி சீட் இன்னொரு ஓட்டை. வரிசைக்கு ரெண்டு சீட், மூணு பேர் கொண்ட குரூப் வந்தா ஒரு சீட் காலி. மொத வரிசைக்கு தனி க்யூ இருந்தா அங்கயும் சில நேரம் ஆள் பத்தாது. சிங்கிள் ரைடர் லைன் (தனியா வர்றவங்களுக்கு தனி க்யூ) வைக்கிற பார்க்ல இது கொஞ்சம் அடைபடும்.

நீங்க ஏதாவது பார்க்குக்கு போனா செய்ய வேண்டியது இதான்: க்யூல நிக்கும்போது செல்போன்ல ஸ்டாப்வாட்ச்ச போட்டு, ஒரு ட்ரெயின் நகர ஆரம்பிச்சதுல இருந்து அடுத்தது நகர்ற வரைக்கும் எடுங்க. ஒரு பத்து டிஸ்பாட்ச் எடுத்து சராசரி போடுங்க, ஒண்ணு ரெண்டு எடுத்தா ஏமாத்திடும். கூடவே ஒவ்வொரு ட்ரெயின்லயும் எத்தன சீட் காலினு எண்ணிக்கோங்க. எத்தன ட்ரெயின் ஓடுதுனும் பாருங்க, ஏன்னா கூட்டம் இல்லாத நாள்ல ஒண்ண ஷெட்ல போட்டுடுவாங்க. மில்லினியம் ஃபோர்ஸ்ல மூணுக்கு பதிலா ரெண்டு ஓடினா, அதே 300 செகண்ட் கணக்குல 150 செகண்டுக்கு ஒண்ணு, மணிக்கு 864 பேர்தான்.

ஸ்டெப் 5: வருஷத்துக்கு எத்தன மணி நேரம்?

365 நாளால பெருக்குறவங்களுக்கு ஒரு கும்பிடு. ஒஹாயோல குளிர்காலத்துல பனி கொட்டும், ஏரியே உறைஞ்சு போகும். சீடர் பாயின்ட் மே மாசம் திறந்து செப்டம்பர் ஆரம்பம் வரைக்கும்தான் பெரும்பாலும் தினமும், அதுக்கப்புறம் ஹாலோவீன் முடியுற வரைக்கும் வாரக் கடைசிதான். நான் 130 நாள், நாளைக்கு 11 மணி நேரம்னு வச்சுக்குறேன், 1,430 மணி நேரம் வருது. ஃபுளோரிடா டிஸ்னி மாதிரி வருஷம் பூரா திறந்திருக்க இடத்துல 12 மணி நேரம்னு வச்சாலே 4,380. மூணு மடங்கு! ரெண்டு கோஸ்டர கம்பேர் பண்றப்ப இத மறந்துட்டா மீதி எல்லாம் சரியா போட்டும் வேஸ்ட்.

ஸ்டெப் 6: கழிங்க

1,430 மணிய 36 டிஸ்பாட்ச்சால பெருக்கினா 51,480 ரவுண்டு. இது கனவு. இதுல மழை, மின்னல், ஏரிக்காத்து, ரிப்பேர் எல்லாத்துக்கும் 10 சதவீதம் கழிப்போம். ஸ்டேஷன் தாமதத்துக்கு 15 சதவீதம். மிஞ்சுறது 39,382 ரவுண்டு. ரவுண்டுக்கு 36 சீட், அதுல 7 சதவீதம் காலி. கடைசில ஒரு சீசனுக்கு சுமார் 13 லட்சத்து 18 ஆயிரம் பேர். கெபாசிட்டிய அப்படியே மணி நேரத்தோட பெருக்கியிருந்தா 18 லட்சத்து 59 ஆயிரம் வந்திருக்கும், அஞ்சு லட்சம் பேர் பேப்பர்ல மட்டும் ஏறியிருக்காங்க.

இந்த சதவீதம் எல்லாம் நான் வச்சுக்குற அனுமானம், உங்க ஸ்டாப்வாட்ச் வேற சொன்னா அதையே போடுங்க. ஆனா ஒவ்வொரு கழிவையும் தனித்தனியா எழுதி வைங்க, மொத்தமா ஒரு 30 சதவீதம்னு அடிச்சு விட்டா அப்புறம் எங்க தப்புனு தேட முடியாது. இன்னொரு காரணமும் இருக்கு: காலி சீட் ஆள் எண்ணிக்கைய குறைக்கும், ட்ரெயின் ஓடின தூரத்த குறைக்காது.

ஸ்டெப் 7: மைல்

இதுவரைக்கும் சரியா வந்திருந்தா இது ரெண்டு நிமிஷ வேலை. 39,382 ரவுண்டு, ரவுண்டுக்கு 1.249 மைல், மொத்த ட்ரெயின் மைல் சுமார் 49,000. மூணு ட்ரெயினுக்கு பிரிச்சா ஒவ்வொண்ணும் 16,400 மைல், அதாவது 26,000 கிலோமீட்டர், அதுவும் ஒரு ஆறு மாசத்துக்குள்ள. ஆள் மைல் 16 லட்சத்து 47 ஆயிரம்.

2000ல இருந்து 2025 வரைக்கும் 26 சீசன், 2020ஐ எடுத்துட்டு 25னு வச்சா சுமார் 3 கோடியே 30 லட்சம் பேர், மொத்த ட்ரெயின் மைல் 12 லட்சத்துக்கு மேல.

காலைல பார்க் திறக்குறதுக்கு முன்னாடி ஆள் இல்லாம விடுற டெஸ்ட் ரவுண்டும் ட்ரெயினுக்கு மைல்தான். இதெல்லாம் ஆள் கணக்குல வராது, வீல் தேயுற கணக்குல வரும். ஒரு கோஸ்டர் ட்ரெயின்ல மேல ஓடுற வீல், பக்கவாட்டு வீல், ட்ராக்குக்கு அடில புடிச்சுக்குற வீல்னு மூணு வகை இருக்கும், இரும்பு கோஸ்டர்ல பெரும்பாலும் பாலியூரித்தேன் பூசினது, அது தேஞ்சு தேஞ்சு மாத்திக்கிட்டே இருப்பாங்க. குளிர்காலத்துல ட்ரெயின முழுசா பிரிச்சு விரிசல் இருக்கானு செக் பண்ணி திரும்ப கோப்பாங்க. உண்மையில மெயின்டனன்ஸ்காரங்களுக்கு மைல விட ரவுண்டு எண்ணிக்கைதான் முக்கியம், ஒவ்வொரு ரவுண்டுலயும் அதே வளைவுல அதே இடத்துலதான் அடி விழும்.

ஸ்டெப் 8: பார்க் சொன்ன நம்பரோட உரசிப் பாருங்க

எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி இது. அதே சீடர் பாயின்ட்ல 2003ல வந்த டாப் த்ரில் டிராக்ஸ்டர், 420 அடி உயரம், மணிக்கு 120 மைல். 2022ல அத மூடுறோம்னு அறிவிச்சப்ப 19 சீசன்ல 1 கோடியே 80 லட்சம் பேர் ஏறினாங்கனு பார்க்கே சொல்லுச்சு. வகுத்துப் பாருங்க, சீசனுக்கு 9 லட்சத்து 47 ஆயிரம். நம்ம 1,430 மணிக்கு வகுத்தா மணிக்கு 662 பேர். ஆனா பேப்பர்ல அதோட கெபாசிட்டி 1,500! பாதி கூட தேறல. மில்லினியம் ஃபோர்ஸுக்கு நான் 71 சதவீதம் கிட்ட போட்டேன், அதே கழிவ இதுக்கும் போட்டிருந்தா நம்பர் படு கேவலமா தப்பா வந்திருக்கும். ஹைட்ராலிக் முறையில ஒரே தள்ளா தள்ளி விடுற ரைடு, காத்து அடிச்சா நிறுத்தணும், மழை பெஞ்சா நிறுத்தணும், சில சமயம் உச்சிய தாண்டாம பின்னாடியே வழுக்கி வரும், ரிப்பேருக்கு பேர் போனது. போதாததுக்கு 2020 கொரோனா சீசன், 2021 ஆகஸ்ட்ல விபத்து நடந்து அத்தோட நின்னதுனு ரெண்டு சீசன் அரைகுறை. லாஞ்ச் டைப்புக்கு தனி கழிவு போடணும்கிறது இதுல இருந்து தெரியுது. ட்ராக் 2,800 அடி, அதாவது 0.53 மைல், ஆள் மைல் 95 லட்சம் சொச்சம்.

அதுக்கு எதிர் கோடில அதே ஒஹாயோல கிங்ஸ் ஐலண்ட் பார்க்ல 1979ல இருந்து ஓடுற தி பீஸ்ட். மரக் கோஸ்டர், 7,361 அடி, கிட்டத்தட்ட 1.394 மைல், மரத்துல உலகத்துலயே நீளமானது. இது 5 கோடி பேர தாண்டியாச்சு. 5 கோடிய 36 சீட்டால வகுத்தா, ஒரு சீட் கூட காலி இல்லாம போனதா வச்சாலே 13 லட்சத்து 89 ஆயிரம் ரவுண்டு ஆகுது. மைலாக்கினா 19 லட்சத்து 36 ஆயிரம், நிலா சராசரியா 2 லட்சத்து 39 ஆயிரம் மைல் தூரம், போய் வர நாலு தடவை. இது குறைஞ்சபட்ச கணக்கு, காலி சீட்ட சேத்தா இன்னும் ஏறும். இப்படி ஆள் எண்ணிக்கைல இருந்து பின்னாடி போற முறைதான் பழைய கோஸ்டருக்கு நம்பகமா இருக்கும், ஏன்னா 1980கள்ல டிஸ்பாட்ச் எப்படி இருந்துச்சுனு யாரு கண்டா.

பேப்பர் கெபாசிட்டிய கண்ண மூடிட்டு நம்பக் கூடாதுங்கிறதுக்கு நியூயார்க் கோனி ஐலண்ட் சைக்ளோன் நல்ல கேஸ். 1927ல திறந்தது, நீளம் 2,640 அடி, துல்லியமா அரை மைல், ட்ரெயினுக்கு 24 பேர். மணிக்கு 1,440 பேர்னு போட்டிருக்கும். வகுத்தா மணிக்கு 60 ட்ரெயின், நிமிஷத்துக்கு ஒண்ணு. ரைடே 1 நிமிஷம் 50 செகண்ட்! ஒரே ஒரு ட்ரெயின் ஓடுற நாள்ல, ஏத்தி எறக்க ஒரு ரெண்டு நிமிஷம் சேத்தா 4 நிமிஷத்துக்கு ஒரு ரவுண்டு, மணிக்கு 15, அதாவது 360 பேர். கால்வாசி.

ஸ்டெப் 9: கோளாறு வருஷங்கள தனியா ஒதுக்குங்க

2020ல சீடர் பாயின்ட், கிங்ஸ் ஐலண்ட் ரெண்டுமே ஜூலைலதான் திறந்துச்சு, இடைவெளி விட்டு உக்கார வச்சதுல சீட்டும் காலி. டிராக்ஸ்டர மாத்திக் கட்டி டாப் த்ரில் 2னு 2024 மே மாசம் திறந்தாங்க, ஒரு வாரம் கிட்ட ஓடுச்சு, அப்புறம் அந்த சீசன் முழுக்க மூடிட்டு 2025லதான் மறுபடி வந்துச்சு. திறந்த வருஷம் 2024னு பாத்து ஒரு முழு சீசன சேத்துட்டீங்கன்னா லட்சக்கணக்குல பேய் ரைடர்ஸ் வந்து உக்காந்துக்குவாங்க.

ஸ்டெப் 10: பக்கத்துல எங்க பழகிக்கிறது?

ஒஹாயோ வரைக்கும் போகணும்னு இல்ல. 2024 டிசம்பர்ல திறந்த சென்னை வொண்டர்லால தஞ்சோரானு ஒரு இன்வெர்ட்டட் கோஸ்டர் இருக்கு, ட்ராக்குக்கு அடில கால் தொங்க உக்காந்து போறது. சீட்ட நீங்களே எண்ணுங்க, ஓடுற ட்ரெயின எண்ணுங்க, பத்து டிஸ்பாட்ச் டைம் எடுங்க. வெறும் 3,600ஐ சராசரி செகண்டால வகுத்து ஆள் எண்ணிக்கையால பெருக்கினா மணிக்கு எத்தன பேர்னு வந்துடும். அத உங்களுக்கு முன்னாடி க்யூல நிக்கிற ஆளுங்க எண்ணிக்கையோட வச்சுப் பாத்தா இன்னும் எவ்ளோ நேரம் நிக்கணும்னும் சொல்லிடலாம், ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட்காரங்க இடையில புகுந்தா அதுக்கு ஒரு கால் மணி நேரம் சேத்துக்கோங்க.